‘ஒன்றும் போகவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள்

காவல்துறையில் 34 வருடம் வேலை பார்த்தேன். 1989-ல் திருச்சியில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2023-ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் நானே படிக்கிறேன். இந்த முறை முக்கால்வாசி தெருவைப் பற்றியவை: சங்கிலி, வண்டி, பள்ளிக்கூட வாசல், பூட்டிய வீடு. ஊர் வேண்டாம் என்று கேட்டவர்களின் ஊரைப் போடவில்லை.

காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனேன். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் என் சங்கிலியை இழுத்தான். இறுக்கிப் பிடித்துக் கத்தியதும் ஓடிவிட்டார்கள். சங்கிலி அறுந்து என் கையிலேயே இருக்கிறது. “ஒன்றும் போகவில்லையே, எதற்கு ஸ்டேஷன்?” என்கிறார் வீட்டுக்காரர். புகார் கொடுக்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

கட்டாயம் கொடுங்கள், இன்றைக்கே. உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார், அது புரிகிறது. ஆனால் ஸ்டேஷனுக்குள் இருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, கைதி வழிக்காவல், விடுப்பு எல்லாம் போக ரோந்துக்கு மிஞ்சுவது சில பேர்தான். அவர்களை எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்துக்கு அனுப்புவது என்று இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? எழுதி வந்த புகார்களைப் பார்த்துத்தான். புகாரே வராத தெரு, பதிவேட்டில் அமைதியான தெரு. அங்கே ரோந்துக்காரர், ரோந்து வந்ததைக் காட்ட வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

நான் ஏட்டாக இருந்தபோது நடந்தது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவரைச் சங்கிலியோடு சேர்த்து இழுத்ததில் ரோட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விசாரணைக்கு வீடு வீடாகப் போனேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெண், “எனக்கும் போன வாரம் இழுத்தான் மேடம், கவரிங்னு தெரிஞ்சதும் போட்டுட்டுப் போயிட்டான்” என்றார். பின் தெருவில் இன்னும் இரண்டு பேர். நான்கு பேரும் சொன்னது ஒரே நேரம், காலை ஐந்தே முக்காலுக்கும் ஆறே காலுக்கும் நடுவில். ஒரே இடம், குழாயடிப் பக்கத்து வளைவு. முதல் பெண் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வளைவில் இரண்டு வாரமாவது மஃப்டியில் ஆள் நின்றிருக்கும். அந்த அம்மா அதன் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்கவே இல்லை.

அதனால் உங்கள் சங்கிலி உங்கள் கையில் இருப்பது வேறு, அந்த இருவரும் நாளைக் காலையும் வருவார்கள் என்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆம் பிரிவு இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பெயரில் தனிப் பிரிவு கிடையாது. பொருள் தப்பியது என்பதால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகாது.

எழுதும்போது நீளமாக வேண்டாம். நேரம், எந்தக் கடைக்கு எதிரில், வண்டி உங்களுக்கு எதிரே வந்ததா பின்னால் வந்ததா, எந்தக் கையால் இழுத்தான், யார் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள். வண்டி எண் முழுதாகத் தெரியாவிட்டால் ஞாபகம் இருக்கிற இரண்டு எழுத்து போதும். கழுத்தில் கீறல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளைக்குக் கீறல் ஆறிவிடும், பதிவு இருக்கும்.

ரயிலடிக்குப் பக்கத்தில் நிறுத்திய என் பைக் திருடு போய்விட்டது. முதலில் போன ஸ்டேஷனில் “இது எங்க எல்லை இல்லை” என்றார்கள். அடுத்ததில் “முதல்ல போன இடத்துலயே கொடுங்க” என்றார்கள். மூன்று நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?
— ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒருவரை இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது அப்படி. மழையில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்திருந்தார் அவர். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது அப்படி அனுப்பவே கூடாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போகிற ஸ்டேஷன் புகாரை வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே சொல்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று சொல்வது இதைத்தான். அங்கே பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். எல்லையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம், 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. வழக்குப் பதிவு ஆனால்தான் எஃப்.ஐ.ஆர். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டித் திருட்டு அப்படிப்பட்ட குற்றம். இன்சூரன்ஸ் கம்பெனியும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பணம் தராது. அதைவிட முக்கியம், உங்கள் வண்டியில் போய் யாராவது சங்கிலி பறித்தால், அன்றைக்கு வண்டி உங்களிடம் இல்லை என்று சொல்ல உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம் மட்டும்தான்.

நாளைக் காலை மறுபடி போங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். அந்தப் புகாரையே, மறுத்த தேதி நேரத்தோடு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் ஆணையருக்கு. அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வழி இருக்கிறது. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தபால் போய்ச் சேர்ந்ததுமே ஸ்டேஷனில் இருந்து போன் வந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. காலை எட்டரைக்கு பத்தாம் வகுப்புப் பையன்கள் ஒரே வண்டியில் மூன்று பேராகப் பறக்கிறார்கள். வேகத்தடை போடச் சொல்லி ஸ்டேஷனில் மனு கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. நாங்களே சிமென்ட் போட்டு ஒன்று கட்டிவிடலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

கட்டாதீர்கள் ஐயா, தயவுசெய்து. நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் தெருக்காரர்கள் கட்டிய ஒரு சிமென்ட் மேட்டில் இரவு பத்து மணிக்குக் கணவன் மனைவி தூக்கி எறியப்பட்ட இடத்துக்கு நான் போயிருக்கிறேன். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, தெருவிளக்கும் இல்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற வேகத்தடை 10 செ.மீ. உயரம்தான், ஆனால் 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் உடம்பு குலுங்காது. நாம் கட்டுவது குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைந்துவிடும். கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு வருகிற ஆட்டோவும் அதில்தான் ஏற வேண்டும்.

உங்கள் மனு ஒரு வருடம் தூங்கியதற்குக் காரணம், அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. வேகத்தடை போடுவது போலீஸ் கையில் இல்லை. சாலை யாருடையதோ அவர்கள்தான் போட வேண்டும்: மாநகராட்சி, ஊராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. அதை விசாரித்துக்கொண்டு அங்கே ஒரு மனு, நகல் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும்.

வெறும் கோரிக்கையாக எழுதாதீர்கள், கணக்கோடு எழுதுங்கள். நான் போக்குவரத்துப் பிரிவில் இருந்தபோது ஒரு தெருப் பெண்கள் ஐந்து நாள் திண்ணையில் உட்கார்ந்து, எட்டேகாலில் இருந்து ஒன்பது வரை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை வண்டி, எத்தனையில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாதது எத்தனை. அதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் அடுத்த நாளே அந்த நேரத்துக்கு ஒரு ஆளைப் போட்டார். முக்கால் மணி நேரம் ஒரு ஆள் என்பது ஸ்டேஷனால் கொடுக்க முடிகிற விஷயம். ‘நாள் பூராவும் போலீஸ் வேண்டும்’ என்று எழுதினால் யாராலும் கொடுக்க முடியாது.

பையன்களைப் பற்றி. 16 வயதில் உரிமம் எடுத்து ஓட்டலாம் என்று பெற்றோர் சிலர் வாதாடுவார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று வீட்டு வாசல்களில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில், 18 வயது ஆகாத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இதை அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல்.

விபத்து நடந்த இடத்தில் பார்வை மகஜர் எழுதும்போது ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட வேண்டும். ஒருமுறை நான் எழுதியது: இடது கால் செருப்பு ஒன்று, உடைந்த கண்ணாடி, கணக்கு நோட்டு ஒன்று, அதன் கடைசிப் பக்கத்தில் பாதி போட்ட கணக்கு. அந்தப் பையனுக்கு வயது 15. வண்டியைக் கொடுத்தது அவன் அப்பா, கடைக்குப் போய் வரச் சொல்லி.

பத்து நாள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். வீட்டைப் பூட்டிப் போகப் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: முகவரி, போகிற தேதி, வருகிற தேதி, உங்கள் எண், சாவி யாரிடம் இருக்கிறது. ரோந்துக்காரர்கள் பார்க்க வேண்டிய பூட்டிய வீடுகளில் உங்கள் வீடும் சேரும்.

அப்புறம், வீட்டில் ஆள் இல்லை என்பதை வாசலே காட்டிக் கொடுத்துவிடும். பகலில் நோட்டம் பார்க்க வருகிறவன் முதலில் பார்ப்பது கோலத்தை. தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருந்து ஒரு வாசலில் மட்டும் இரண்டு நாளாகக் காணோம் என்றால் அவனுக்கு அது போதும். அடுத்த வீட்டு அம்மாவிடம் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போடச் சொல்லிவிட்டுப் போங்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வெளிவிளக்கைப் பத்து நாளும் எரிய விடாதீர்கள், பகலில் எரிகிற விளக்கு பூட்டிய வீட்டின் அடையாளம். கேட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டுத் தொங்க வேண்டாம். நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். அரிசிப் பானை, பூஜை அறை, பீரோவின் மேல்தட்டு எல்லாம் திருடனுக்கு மனப்பாடம். ரயிலில் இருந்து படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் காசு போட்டு எட்டு கேமரா வாங்கப் போகிறோம். எங்கே வைப்பது?
— சங்கச் செயலாளர், சென்னை

ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று சென்னை முழுக்கக் கேமரா வைக்கச் சொல்லி மக்களைச் சேர்த்தார்கள். அதனால் துப்புக் கிடைத்த வழக்குகள் நிறைய. ஆனால் வைத்தும் பயன்படாமல் போன கேமராக்களையும் நான் பார்த்திருக்கிறேன். மாடி உயரத்தில் மாட்டியிருப்பார்கள், தலை உச்சிகள் மட்டும் தெரியும். தெருவுக்குள் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் ஒவ்வொன்று, வண்டி எண் படிக்கிற உயரத்திலும் கோணத்திலும் இருக்க வேண்டும். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் எண் தெரிகிறதா என்று உங்கள் வண்டியையே ஓட்டிப் பாருங்கள்.

கேமரா படங்கள் பதிவாகிற டி.வி.ஆர். பெட்டியைக் கேட்டுக்குப் பக்கத்து வாட்ச்மேன் அறையில் வைக்காதீர்கள். திருட வருகிறவன் அதையும் சேர்த்துத் தூக்கிப் போவது சர்வசாதாரணம். மாதம் ஒருமுறை அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஒரு வழக்கில் கேமரா நேரம் நாற்பது நிமிடம் பிந்தி இருந்தது. கோர்ட்டில் அதை விளக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய பதிவு சில வாரத்தில் அழிந்து புதியது ஏறிவிடும், ஆகவே சம்பவம் நடந்த அன்றே எடுத்து வையுங்கள். சாட்சியமாகக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கேட்பார்கள். எந்தக் கேமராவும் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது, அதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

‘சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று அப்பாவுக்கு வீடியோ கால் வந்தது.
— ஒரு வாசகர், வேலூர்

அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. போனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கப் பயந்துதான் பல பெரியவர்கள் இரண்டாவது முறையும் பணம் அனுப்புகிறார்கள்.

எங்கள் ஊரில் ஆடு, மோட்டார் திருட்டு அதிகம். முன்பு இருந்த ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ மாதிரி இளைஞர்கள் சேர்ந்து இரவு ரோந்து போகலாமா? பிடித்தால் கட்டி வைத்து நாலு போட்டுவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள் பையன்கள்.
— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

அந்த அமைப்பு 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் வி. பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கியது. மக்கள் போலீஸைப் பார்த்துப் பயப்படாமல் பேச வேண்டும் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம், பல வருடம் நன்றாகவும் நடந்தது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த எத்தனையோ குழந்தைகளை அந்தப் பையன்கள் எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் கைது செய்த தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு, அமைப்பின் மீதும் கேள்வி எழுந்து, அந்த ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது. சாத்தான்குளம் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. நானும் அதே காக்கியைப் போட்டிருந்தவள்.

ஆகையால் பையன்களுக்கு நான் சொல்வது இது. விழித்திருங்கள், விளக்கடித்துப் பாருங்கள், புது வண்டி வந்தால் எண்ணைக் குறித்து 112-க்குச் சொல்லுங்கள். போகிறவர் வருகிறவரை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. கண்ணெதிரே ஒருவன் திருடும்போது பிடிக்கலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவன் மேல் ஒரு அடி விழுந்தாலும் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். ஒரு கிராமத்தில் மூளை சரியில்லாத ஒரு வழிப்போக்கரைத் திருடன் என்று நினைத்து அடித்துவிட்டார்கள். அவரைத் தேடிக்கொண்டு அவருடைய தங்கச்சி போட்டோவோடு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். அடித்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, ஆடு பறிகொடுத்த கோபத்தில் இருந்தவர்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அரசு வேலைக் கனவு அன்றோடு போயிற்று.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதுவரை போன ஆடு, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் புகார் இருக்கிறதா? ‘அதிகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் எத்தனை என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

என் மகளுக்கு 15 வயது. டியூஷன் போகும் வழியில் ஒருவன் ஒரு மாதமாகப் பின்னாலேயே வருகிறான். கை வைக்கவில்லை, பேசவும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். அவள் சைக்கிளை எடுப்பதையே விட்டுவிட்டாள்.
— ஒரு தாய்

அம்மா, ‘கை வைக்கவில்லை’ என்பதால் காத்திருக்க வேண்டாம். தவறான நோக்கத்தோடு ஒரு குழந்தையை விடாமல் பின்தொடர்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றம். பெரிய பெண்ணாக இருந்தாலும் பின்தொடர்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு இருக்கிறது.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். மகளை ஸ்டேஷனில் உட்கார வைக்க வேண்டியதில்லை. போக்சோ சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது என்பதும் சட்டம். நான் இப்படிப் புடவையில் போய் எத்தனையோ வீடுகளில் காபி குடித்துக்கொண்டே எழுதி வாங்கியிருக்கிறேன். தெருவில் பார்ப்பவர்களுக்கு உறவினர் யாரோ வந்துபோன மாதிரிதான் இருக்கும்.

உங்கள் ஊர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அல்லது 1098-க்கு அடியுங்கள், குழந்தைகளுக்கான எண். போவதற்கு முன் மகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்தெந்த நாள், எங்கிருந்து எங்கே வரை, என்ன வண்டி. அவள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். டியூஷனுக்கு வேறு வழி, வேறு நேரம் என்று அவளை மாற்றாதீர்கள். மாற வேண்டியவன் அவன்.

புகார் எண் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சைக்கிள் இத்தனை நாள் சும்மா நின்றிருக்கும், காற்று அடித்து வையுங்கள்.